முதலில் வேலை, பிறகு வேகன்

பண்ருட்டி, திருவதிகைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி ரயில் ஆசை வந்தால், முதலில் செய்யத் துடிப்பது ஹாப்பர் வேகனைத்தான். பக்கத்தில் நெய்வேலி, நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரி, நிலக்கரி என்றால் கூட்ஸ் வண்டி. இந்த மூன்றையும் கூட்டி, கரி குவிந்த ஹாப்பர்கள் வரிசையாக அனல்மின் நிலையத்துக்குள் நுழைவதாக மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொண்டு வருகிறார்கள். படம் அழகுதான். ஆனால் நெய்வேலியில் அப்படி நடப்பதில்லை. ஆகவே அட்டையையும் கத்தியையும் எடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைப் பேசிவிடலாம். இவை வேகன் செய்யப் போகிறவர்களுக்கு மட்டும். இன்ஜின் வாங்குவதைப் பற்றிய பேச்சு பிறகு.

1. வண்டியின் வேலையைக் கேளுங்கள்

ஹாப்பர் என்பது மேலே நிரப்பி அடியில் திறந்து கொட்டுகிற வண்டி. மாவு மில்லில் தானியம் கொட்டுகிற தகரத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். உள்ளே பக்கங்கள் சரிந்து இறங்கும். அடியில் கதவு இருக்கும். கதவு திறந்தால் சரக்கு தன் எடையாலேயே கீழே போய்விடும்.

நம் ஊர் ஸ்டேஷன்களில் அதிகம் கண்ணில் படுகிற பி.ஓ.எக்ஸ்.என். வேகன் இப்படிப்பட்டதல்ல. அதற்குத் தரை தட்டை. அதிலிருந்து நிலக்கரியை இறக்க ஆள்களோ எந்திரமோ அள்ள வேண்டும். அல்லது டிப்ளர் என்ற ராட்சத எந்திரம் வேகனை அப்படியே பிடித்துக் கவிழ்க்க வேண்டும். ஹாப்பருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் குழி இருந்தால் போதும்.

அவ்வளவு வசதியானால் எல்லா வேகனையும் ஹாப்பராகவே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். சரிவும் கதவும் கதவைத் திறக்கிற கருவிகளும் சேர்ந்து ஹாப்பரின் சொந்த எடையை ஏற்றிவிடுகின்றன. ஓர் அச்சுக்கு 20.32 டன் என்ற வரம்பில், நான்கு அச்சுக்கும் சேர்த்து மொத்தம் 81.28 டன். அதற்குள் பி.ஓ.எக்ஸ்.என். ஏறக்குறைய 58 டன் சரக்கு ஏற்றும். அடிவழியாகக் கொட்டும் பி.ஓ.பி.ஆர்.என். ஏறக்குறைய 55 டன்தான் ஏற்றும். அது மட்டுமல்ல. தட்டைத் தரை வேகனில் இன்றைக்கு நிலக்கரி, நாளைக்கு வேறு சரக்கு என்று எதையும் போடலாம். ஹாப்பர் ஒரே வேலைக்காகப் பிறந்தது. போகும்போது நிறைவண்டி, வரும்போது வெறும்வண்டி.

ஆகவே எந்த வேகனைச் செய்வதானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஏற்றுகிறது? எங்கே நிரம்புகிறது? எங்கே காலியாகிறது? மூன்றுக்கும் பதில் தெரியாமல் செய்கிற வேகன், பார்க்க எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பொம்மைதான்.

2. நெய்வேலியை நெய்வேலியாகவே பாருங்கள்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்த கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே 20 அன்று நேரு முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது; 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது.

இந்தக் கதையில் ரயில் வேகன் எங்கே வருகிறது? சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவில் வருவதே இல்லை. பக்கெட் வீல் எந்திரம் மேல்மண்ணை வெட்டிப் பெல்ட்டில் போடும். அந்தப் பெல்ட் மண்ணைக் கொண்டுபோய், அதைப் பரப்பிக் கொட்டுகிற ஸ்பிரெடரிடம் கொடுக்கும். அடியில் உள்ள கரியையும் அப்படியே வெட்டி, வேறு பெல்ட்டில் மின் நிலையத்துக்கு அனுப்புவார்கள். சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம் இருக்கும்போது வண்டி எதற்கு? நெய்வேலிக் கரியில் பாதிக்கு மேல் ஈரம். அதைத் தூரத்துக்கு ஏற்றிப் போவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதுதான். மின் நிலையத்தைக் கரியின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பழுப்பு நிலக்கரி ரயிலில் போகவே போகாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஜெர்மனியில் கொலோன் நகருக்கு மேற்கே உள்ள திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து, தானே கொட்டுகிற பெரிய வேகன்களில் கரியை ஏற்றி, சுரங்க நிறுவனத்தின் சொந்த ரயில்பாதையிலேயே மின் நிலையங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே தூரம் உண்டு. கரி ஒன்றுதான், தூரம் மாறியதும் வண்டியும் மாறிவிட்டது.

நெய்வேலியைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறீர்களா? சந்தோஷம். பெல்ட் செய்யுங்கள். 2 மீட்டர் அகலப் பெல்ட், மாதிரி ரயிலின் 87-இல் ஒரு பங்கு அளவில் 23 மில்லிமீட்டர். தையல் கடையில் கிடைக்கும் கறுப்பு நாடா அந்த அகலத்துக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். ஒரு சின்ன மோட்டாரை வைத்து ஓடவிட்டால் ரயிலைவிட அதைத்தான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

3. வட்டப் பாதை ஹாப்பருக்குப் பொருத்தம்

மாதிரி ரயில் வாங்குகிற எல்லோரிடமும் முதலில் இருப்பது ஒரு நீள்வட்டப் பாதை. வண்டி சுற்றிச் சுற்றி வரும். 'நிஜத்தில் எந்த ரயில் இப்படிச் சுற்றுகிறது' என்று யாராவது கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கு ஹாப்பரைக் காட்டுங்கள்.

1960-களின் நடுவில் பிரிட்டிஷ் ரயில்வே, நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே ராட்டினம்போல ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தது. இரண்டு முனைகளிலும் வளையப் பாதை என்பது திட்டம். இன்ஜினைக் கழற்றுவதில்லை, திருப்புவதில்லை. மெதுவாக நகர்ந்துகொண்டே நிரம்பும், நகர்ந்துகொண்டே காலியாகும். எச்.ஏ.ஏ. என்ற நான்கு சக்கர ஹாப்பர்கள் அதற்காகவே பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. ஹார்ன்பி நிறுவனம் அதன் மாதிரியைப் பல ஆண்டுகள் விற்றது.

அதே முறை நம் நாட்டுக்கும் வந்தது. தேசிய அனல்மின் கழகத்தின் சிங்ரௌலி, கோர்பா, ராமகுண்டம் நிலையங்களுக்குப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து கரி இப்படித்தான் வருகிறது. நமக்கு மிக அருகில் இருப்பது தெலங்கானாவின் ராமகுண்டம், கரி சிங்கரேணியுடையது. அங்கே ஓடுவதுதான் பி.ஓ.பி.ஆர். வகை: எட்டுச் சக்கரம், காற்றழுத்தத்தால் திறக்கும் அடிக்கதவுகள். குழிக்கு மேலே வந்ததும் கதவுகள் திறக்கும். சில நொடிகளில் வேகன் காலி.

உங்கள் நீள்வட்டத்தின் ஒரு பக்கம் நிரப்பும் மேடை, மறுபக்கம் கொட்டும் குழி என்று வைத்துவிட்டால் கிண்டலுக்கு இடமில்லை. இந்த வண்டி உண்மையிலேயே சுற்றுகிற வண்டி.

4. நம் பாதையில் ஹாப்பர் என்றால் ஜல்லி

ராமகுண்டம் தூரம், கண்ணால் பார்த்துத்தான் செய்வேன் என்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. ரயில்வேயின் பொறியியல் பிரிவு பாதையில் ஜல்லி கொட்டப் பயன்படுத்துகிற ஹாப்பர், பி.ஓ.பி.ஒய்.என். வகை. நம் விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறைப் பாதை மீட்டர்கேஜாக இருந்து, 2010-இல் அகலப்பாதையாகத் திறந்தது. அகலப்பாதை என்றால் கான்கிரீட் ஸ்லீப்பர், அதன் அடியில் 25, 30 சென்டிமீட்டர் கனத்துக்குக் கருங்கல் ஜல்லி. போட்டதோடு முடிவதில்லை. ரயில் ஓட ஓட ஜல்லி அமுங்கும், நொறுங்கும், மழையில் சரியும். மறுபடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் இந்த ஹாப்பர்.

நிலக்கரி ஹாப்பர் ஒரே அடியாகக் கொட்டும். ஜல்லி ஹாப்பர் அப்படிச் செய்தால் ரயில் தடம்புரளும். ஆள் பக்கத்தில் நின்று கையால் கதவை வேண்டிய அளவு திறந்து, வண்டி நடைவேகத்தில் நகர நகர ஜல்லியைத் தண்டவாளத்தின் ஓரங்களில் விட வேண்டும். அதனால்தான் அதில் ஆள் நிற்க மேடையும் கையால் திறக்கும் அமைப்பும் இருக்கின்றன. மாதிரியில் அந்த மேடையையும் கம்பிப் பிடியையும் விட்டுவிட்டால் ஜல்லி ஹாப்பர் என்பதற்கு அடையாளமே போய்விடும்.

முதல் வேகனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ரேக், அதாவது வேகன் வரிசை, நீளமாக வேண்டியதில்லை. சில வேகன்களோடு ஒரு டீசல் இன்ஜின் போதும். வீட்டு அலமாரிக்கும் அடங்கும், நிஜத்துக்கும் பொய்யாகாது.

5. அளவுக் கணக்கை முதல் நாளே முடித்துவிடுங்கள்

கடையில் கிடைக்கும் எச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். உலகத்தில் பெரும்பகுதி பயன்படுத்துகிற 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் அது வரும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3. ஆக, நீங்கள் வாங்குகிற தண்டவாளம் நம் வண்டிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறுகல்.

இதற்கு இரண்டு வழி. தண்டவாளத்தைச் சொந்தமாக 19.3-க்கு அடித்து, அச்சையும் அகலப்படுத்துவது ஒன்று. உடம்பை 87-இல் ஒரு பங்காகச் செய்து, 16.5 தண்டவாளத்திலேயே ஓட்டிவிட்டுக் குறையைப் பொறுத்துக்கொள்வது இன்னொன்று. இந்திய ரயில் மாதிரி செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். தொடங்குகிறவர்களும் அப்படியே போங்கள். ஆனால் தெரிந்தே போங்கள். உடம்பைத் தண்டவாளத்துக்குத் தக்கபடி சுருக்குகிறேன் என்று கிளம்பினால் பக்கத்தில் நிற்கிற மனிதன், கட்டடம் எல்லாமே அளவு தவறிப்போகும்.

பழைய மீட்டர்கேஜ் பண்ருட்டியைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு 1000 மில்லிமீட்டரை வகுத்தால் 11.5 வருகிறது. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது, கிட்டத்தட்ட சரி. ஆனால் அந்தப் பாதையில் பி.ஓ.பி.ஆர்.என். வேகனை நிறுத்தாதீர்கள். அது அகலப்பாதை வண்டி.

6. சக்கரத்தில் கை வையுங்கள்

இந்திய அகலப்பாதை வேகனின் புதுச் சக்கரம் 1000 மில்லிமீட்டர் விட்டம். 87-இல் ஒரு பங்கு, 11.5. வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் அமெரிக்க வேகன் சக்கரங்களில் பல 33 அங்குலத்துக்குச் செய்தவை. அவை 9.6 மில்லிமீட்டர்தான் வரும். 2 மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன பெரிது என்று தோன்றும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சின்னச் சக்கரத்தில் நம் வேகன் செருப்பில்லாமல் நிற்கும். 36 அங்குலச் சக்கரமானால் 10.5, தேய்ந்த சக்கரம் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

போகியிலும், அதாவது இரண்டு அச்சுகளைத் தாங்கும் சக்கரச் சட்டத்திலும், அப்படியே. நம் காஸ்நப் போகியில் ஓர் அச்சுக்கும் மற்ற அச்சுக்கும் நடுவே 2 மீட்டர். மாதிரியில் 23 மில்லிமீட்டர். அமெரிக்கப் போகி 20-ஐ ஒட்டி இருக்கும். முடிந்தவரை நீளமானதைத் தேடுங்கள்.

முதலில் அச்சு தங்குதடையின்றிச் சுழல வேண்டும். அழகெல்லாம் அதற்குப் பிறகு. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேருக்கே வழியில், அச்சிறுபாக்கத்தில், அச்சு முறிந்தது என்பது புராணம். அந்தத் திரிபுரம் எரித்த தலமான திருவதிகையில் உட்கார்ந்து வண்டி செய்கிறவர்கள் அச்சை அலட்சியம் செய்யக் கூடாது.

7. பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

அளவெடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நின்ற கூட்ஸ் வண்டி எப்போது நகரும் என்று யாருக்கும் சொல்லிவிட்டு நகராது. நெய்வேலிச் சுரங்கத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் போக முடியாது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவல் இருக்கிறது.

பிளாட்பாரத்திலிருந்தும் லெவல் கிராசிங் கேட்டிலிருந்தும் பார்த்தாலே ஏராளம் கிடைக்கும். வேகனுக்கு நேர் எதிரே நின்று, செல்போனைச் சாய்க்காமல் ஒரு படம் எடுங்கள். படத்தில் ஒரே போகியின் இரண்டு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால், நிஜத்தில் அது 2 மீட்டர். அதை வைத்து மற்ற அளவுகளை விகிதக் கணக்கில் போட்டுவிடலாம். வந்த விடையைச் சரிபார்க்க வேகனின் மொத்த நீளத்தை வைத்துக்கொள்ளுங்கள்: கப்ளிங்குக்குக் கப்ளிங் பி.ஓ.பி.ஆர்.என். 10.6 மீட்டர், பி.ஓ.எக்ஸ்.என். 10.7 மீட்டர். மாதிரியில் முன்னது 122 மில்லிமீட்டர் வரும்.

நேரமும் பயணக் காசும் இருந்தால் சென்னை ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். புணேயில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மனிதரின் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்கே பார்க்கலாம்.

8. கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீர்கள்

பிளாஸ்டிக் ஷீட் நல்லதுதான். ஆனால் முதல் வேகனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை அரை மில்லிமீட்டரை ஒட்டி வரும். வெட்டினால் ஓரம் பிசிராது. வெட்டிய துண்டின் ஓரத்தில் ஃபெவிக்விக்கை லேசாக ஓடவிட்டால் அட்டை இறுகிப் பிளாஸ்டிக்போல ஆகிவிடும். அதன்பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். இந்த வேலையை ஜன்னலோரத்தில் செய்யுங்கள். அந்தப் பசையின் ஆவி கண்ணைக் கரிக்கும்.

ஹாப்பரின் வெளிப்பக்கம் நெடுக நிற்கிற விறைப்புப் பட்டைகள்தான் அதன் முகம். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நீளமாக வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் படத்தில் உள்ள இடத்திலேயே ஒட்டுங்கள். 'சுமாராக ஒரே இடைவெளி' என்று போனால் வேகன் வேலிபோல ஆகிவிடும். பென்சில் கோடு போடாமல் ஒரு பட்டைகூட ஒட்டக் கூடாது.

செய்யும் வரிசை: முதலில் அடிச்சட்டம், அதில் போகி, அது தண்டவாளத்தில் ஓடிக் காட்ட வேண்டும். பிறகு சரிவுகள், பிறகு பக்கச் சுவர், கடைசியில் ஏணியும் கைப்பிடியும். முதல் நாளே ஏணியை ஒட்டுகிறவர்கள் அதை முடிப்பதற்குள் மூன்று தரம் உடைப்பார்கள்.

9. கதவு திறக்க வேண்டுமா என்று யோசியுங்கள்

சரக்கைக் கொட்டுகிற மாதிரி செய்ய எல்லோருக்கும் ஆசை. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: வேகனை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கலாம், மணலின் குணத்தைச் சுருக்க முடியாது. வாய் சின்னதானால் துகள்கள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவுபோல நின்றுவிடும். மேலே சரக்கு இருக்கும், கீழே ஒன்றும் விழாது. நிஜ ஹாப்பர்களிலும் ஈரக் கரி இப்படி அடைத்துக்கொள்வதுண்டு.

கதவின் வாய், துகளின் அளவைப்போல ஆறேழு மடங்காவது இருக்கட்டும். சரிவை 50 டிகிரிக்குக் குறைக்காதீர்கள். உள்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்து வர்ணம் பூசுங்கள்; பசைத் துளி ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் அங்கேதான் அடைக்கும். சரக்கு காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேகனைக் குறை சொல்லக் கூடாது.

முதல் வேகனில் கதவை ஒட்டி மூடிவிடுங்கள் என்பதே என் அறிவுரை. கதவு திறப்பது இரண்டாவது வேகனுக்கு.

10. எடை இல்லாத வேகன் ஓடாது

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. வேகனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: அடிப்படை 28 கிராம், அதற்கு மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். நம் 122 மில்லிமீட்டர் வேகனுக்கு ஏறக்குறைய 96 கிராம் வருகிறது. அட்டை வேகன் இதில் பாதிகூட இருக்காது, வளைவில் சாய்ந்துவிடும்.

மூடிய வேகனில் எடையை எங்கும் ஒளிக்கலாம். ஹாப்பர் திறந்த வண்டியாயிற்றே என்று திகைக்க வேண்டாம். இரண்டு முனைகளிலும் சரிவுத் தகட்டுக்கு அடியில், போகிக்கு மேலே முக்கோணமாக ஓர் இடம் இருக்கிறது. எடையை அங்கே ஒட்டுங்கள். கார் டயர்க் கடையில் சக்கரச் சமநிலைக்கு ஒட்டுகிற 5 கிராம், 10 கிராம் இரும்புத் துண்டுகள் கேட்டால் கிடைக்கும். ஈயம் வேண்டாம், பிள்ளைகள் கை வைக்கிற இடம். இரண்டு முனைக்கும் சம எடை போடுங்கள்.

11. சரக்கைச் சல்லடையில் தேர்ந்தெடுங்கள்

ரயில்வே ஜல்லியில் பெரிய கல் 65 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மாதிரியில் முக்கால் மில்லிமீட்டர். கடையில் 'ஜல்லி' என்று விற்பதில் பாதி இதைவிடப் பெரிசு; அதைக் கொட்டினால் பாதையில் பாறாங்கல் கிடப்பதுபோலத் தெரியும். ஆற்றுமணலைக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை இன்னொரு தரம் மெல்லிய துணியில் சலித்துத் தூசியைப் போக்குங்கள். நடுவில் நிற்பது உங்கள் ஜல்லி. கருங்கல் நிறத்துக்குச் சாம்பல் வர்ணத்தில் நனைத்தெடுங்கள்.

ஒரு வேலையை மறக்கக் கூடாது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மணலுக்குள் நன்றாகத் துழாவுங்கள். ஆற்றுமணலில் கறுப்பாக இரும்புத் துகள் இருக்கும். உறையில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் பாதையில் கொட்டினால், இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், மோட்டார் போய்விடும். காந்தத்தில் எதுவும் ஒட்டாத வரைக்கும் துழாவ வேண்டும்.

நிலக்கரிச் சுமைக்கு அடுப்புக்கரியை இடித்துச் சலித்தால் போதும். நெய்வேலிப் பெல்ட்டுக்கானால் தனிக் கறுப்பு கூடாது. ஈரமாக இருக்கும்போது கறுப்பை ஒட்டிய பழுப்பு, காய்ந்தால் நல்ல பழுப்பு. இடித்த கரியோடு நம் முந்திரித் தோப்புச் செம்மண்ணைக் கொஞ்சம் கலந்து பாருங்கள். நிஜப் பழுப்பு நிலக்கரித் துண்டு கைக்குக் கிடைத்தாலும் பயன்படாது. காயக் காய வெடித்துத் தூளாகிவிடும்.

12. எண் எழுதும்போது ஏமாற்றாதீர்கள்

இந்திய வேகனின் எண் 11 இலக்கம். முதல் இரண்டு வேகன் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் தனி எண். கடைசி இலக்கம் சரிபார்க்க. இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கடைசி இலக்கம் நீங்கலாகக் கூட்டிச் சேருங்கள். வந்த தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. போகிற வேகனின் எண்ணைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வகை எழுத்துகளின் கடைசியில் உள்ள 'என்' காற்று பிரேக்கைக் குறிக்கும். அதை எழுதிவிட்டு, இரண்டு முனையிலும் பிரேக் ஹோஸ் தொங்கவிடாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் பூசாதீர்கள். நேரில் பார்த்துப் பூசுங்கள். பண்ருட்டியில் பொம்மை செய்கிறவர்களிடம் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்தால், அடிப்பூச்சு காயாமல் மேல்பூச்சுப் பூசக் கூடாது என்பது உட்படப் பாதி வர்ணவேலை கற்றுக்கொண்டு வரலாம். துருவும் கரித்தூளும் கடைசியில். எல்லா வேகனும் ஒரே மாதிரி அழுக்காக இருக்காது.

13. ஐம்பத்தொன்பது வேகனுக்கு ஆசைப்படாதீர்கள்

முழு நிலக்கரி ரேக் ஒன்றுக்கு 58, 59 வேகன். 59 பி.ஓ.பி.ஆர்.என். வரிசையாக நின்றால் 625 மீட்டர்; மாதிரியில் 7.2 மீட்டர். அதைத் திருப்புகிற கூடம் திருவதிகையில் யார் வீட்டிலும் இருக்காது. பார்க்கிற கண்ணுக்கு எட்டுப் பத்து வேகன் வந்தால் நீண்ட வண்டிதான். வளைவில் முன்பகுதி மறைந்தபின் பின்பகுதி வருகிற மாதிரி பாதையை அமைத்தால் அதுவே போதும்.

எங்கே ஓட்டுவது என்று கேட்கிறவர்களுக்கு: நவராத்திரிக் கொலு இருக்கிறது. படிகளுக்குக் கீழே பார்க் அமைக்கிற வழக்கம் இருக்கும்போது, அங்கே ஒரு ஜல்லி வண்டியை ஓடவிட யாரும் தடை சொல்ல மாட்டார்கள். சுண்டலுக்கு வருகிறவர்கள் 'இது என்ன வண்டி' என்று கேட்பார்கள். என்ன ஏற்றுகிறது, எங்கே நிரம்புகிறது, எங்கே காலியாகிறது என்று தடுமாறாமல் சொல்லத் தெரிந்தால் வேகனைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

14. ஒன்றை முடியுங்கள்

பாதி செய்த ஐந்து வேகனைவிட முழுதாக முடித்த ஒரு வேகன் மேல். ஏணி கோணலாக இருக்கலாம், எண் சாய்ந்திருக்கலாம், பரவாயில்லை. ஓட வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும், இல்லாத ஊரில் இல்லாத வேலையைச் செய்கிற வண்டியாக இருக்கக் கூடாது. பத்திரிகை அட்டையும் கத்தியும் பசையும் வீட்டிலேயே இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வேகனின் படத்தை நேராக எடுத்து வாருங்கள். அன்று மாலையே அடிச்சட்டத்தை வெட்டிவிடுங்கள்.